பெயர்களை யாரிடம் ஒப்படைப்பது

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து மேலே ஏறும் தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்று இருக்கிறது. ஊரில் எல்லோரும் அதை லேப் என்றுதான் சொல்வார்கள். அதன் மேலாளர் ஜோசப்பின். வயது நாற்பத்தேழு. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு வாசல் மேசையில் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவள். இப்போது அங்கே இருக்கும் பதினான்கு பேருக்கும் அவள்தான் பொறுப்பு.

அவளைப் பற்றி லேபில் ஒரு பேச்சு உண்டு. வெளியே மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால், ஜோசப்பின் மிஸ் ஜன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார் என்பார்கள். அவள் கணவன் ஜெரோமி, பள்ளிக்கூட ஆசிரியர், இதைவிட ஒரு படி மேலே போவார். "இவ பாவசங்கீர்த்தனத்துக்குப் போனா ஃபாதரத்தான் கேள்வி கேட்டுட்டு வருவா" என்பார்.

அந்தக் குணம் சும்மா வந்ததல்ல. ஜோசப்பின் பிறந்தது வட்டகொடைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். அவள் அப்பா இராயப்பன் லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் போஞ்சி, லீக்ஸ் என்று காய்கறி போட்டிருந்தார். ஒரு நாள் தோட்ட ஆபீசில் வேலை பார்த்த ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து, "நாம எல்லாம் ஒரே ஆளுக தானே அண்ணே, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று இங்கிலீஷில் அச்சடித்த தாளை நீட்டினார். இராயப்பன் போட்டார். நிலத்தைத் தானாகவே விட்டுக் கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. அடுத்த மாதம் அந்த 'ஒரே ஆள்' அங்கே வேலி போட்டார். ஜோசப்பினுக்கு அப்போது பதினொரு வயது. அதன் பிறகு அவள் இங்கிலீஷை வெறித்தனமாகப் படித்தாள்.

போன வருடம் ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, லேபில் கொம்பியூட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோயின. அந்த மாதத்தில் அது மூன்றாவது தடவை. வெறும் வயிற்றோடு இரத்தத்தில் சீனி பார்க்க வந்த நாற்பது பேர் படிக்கட்டு வரைக்கும் நின்றார்கள். பெயர்களைக் கையால் எழுதினார்கள். கொம்பியூட்டர்களைக் கவனிக்கும் பிரதாப் தன் சின்ன அறைக்குள் இரண்டு மணி நேரம் கிடந்து ஒருவழியாகச் சரிசெய்தான்.

அன்று மத்தியானம் லேபின் உரிமையாளர் துரைராசா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க ஆஸ்பத்திரி வேலையாக மலைநாட்டுக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் திரும்பிப் போகாமல் இந்த லேபைத் தொடங்கியவர்.

"ஜோசப்பின், இரும். என்ரை மருமோன் ஒரு கதை சொல்லுறார். கொழும்பிலை ஒரு கொம்பனி இருக்காம். எங்கடை கொம்பியூட்டர் எல்லாத்தையும் அங்கை இருந்துகொண்டே பாப்பினமாம். பழுதெண்டா போன் எடுத்தாக் காணுமாம், உடனை திருத்திப்போடுவினமாம். இஞ்சை ஒரு ஆளை வச்சிருக்கத் தேவையில்லை எண்டுறார்."

"பிரதாப் என்னா ஆகுறது சேர்?"

"அதைத்தான் உம்மட்டைக் கேக்கிறன். எனக்கு உந்த விசயம் ஒண்டும் விளங்காது. ஒரு மாசம் பாரும். பாத்துப்போட்டு நீர் சொல்லும். நீர் சொல்லுறதுதான் முடிவு."

"நான் ஏன் சேர்? எனக்கும் கொம்பியூட்டர் அவ்வளவு தெரியாதே."

"உமக்கு எதிலையும் சந்தேகம் கூட. இதுக்கு அதுதான் வேணும்."

வெளியே வந்ததும் அவளுக்கு முதலில் வந்த சந்தேகம் துரைராசாவின் மருமகன் மேல்தான். அந்தக் கம்பனியில் அவருக்கு என்ன பங்கு? ஒரு கொப்பி எடுத்து முதல் பக்கத்தில் அந்தக் கேள்வியை எழுதினாள். இரண்டு நாள் அங்கேயும் இங்கேயும் விசாரித்துப் பார்த்தாள். அந்தக் கம்பனியில் வேலை செய்யும் ஒருவன் மருமகனோடு ஒன்றாகப் படித்தவன் என்பது மட்டும்தான் தெரிந்தது. கேள்வியை வெட்டாமல் அப்படியே விட்டாள்.

அந்தக் கம்பனி ஆள் அடுத்த வாரமே வந்தான். பெயர் கிளைவ். முப்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, மெல்லிய லேப்டாப். இங்கிலீஷில் ஆரம்பித்தவன், அவள் ஊர் எது என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறினான்.

"எங்க அப்பாவும் தோட்டத்துல கணக்கப்பிள்ளையா இருந்தவர்தான் மேடம். நாமெல்லாம் ஒரே ஆளுங்க."

ஜோசப்பின் கையிலிருந்த பென்சில் நின்றது. அதுவரை அவன் பேசியதில் பாதியையாவது நம்பலாம் என்று இருந்தவள், அந்த ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் திரும்பப் பரிசோதிக்க வேண்டும் என்று முடிவெடுத்தாள்.

"ஒப்பந்தத்தைக் குடுத்துட்டுப் போங்க. படிச்சிட்டுச் சொல்றேன்."

"ஒன்பது பக்கம் மேடம். நானே சுருக்கமாச் சொல்லிடுறேன்."

"வேணாங்க. ஒன்பதையும் படிக்கிறேன்."

படித்தாள். ஐந்தாம் பக்கத்தில், உதவி கேட்டால் நான்கு வேலை மணித்தியாலத்துக்குள் பதில் வரும் என்றிருந்தது. வேலை மணித்தியாலம் என்றால் என்ன என்பது எட்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் கிடந்தது. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை; சனி, ஞாயிறு நீங்கலாக. உடனே கிளைவுக்குப் போன் எடுத்தாள்.

"எங்க லேப் காலைல ஆறரைக்குத் தொறக்குது. வாரத்துல பெரிய கூட்டம் ஞாயித்துக்கிழமைதான். தோட்டத்துச் சனத்துக்கு அன்னைக்குத்தான் லீவு, அன்னைக்குத்தான் டவுனுக்கு வருவாங்க. நீங்க அன்னைக்குத் தூங்கிக்கிட்டு இருப்பீங்க."

"அதெல்லாம் பேசிக்கலாம் மேடம்."

"பேசிக்க வேணாம். எழுதுங்க."

கிளைவ் எழுதினான். முப்பது நாள் பரீட்சார்த்தமாக, ஞாயிறும் சேர்த்து, அவர்கள் கொழும்பிலிருந்து லேபின் கொம்பியூட்டர்களைப் பார்ப்பதென்று ஏற்பாடானது. அதுவரை பிரதாப்பும் இருப்பான்.

முதல் இரண்டு வாரமும் கொழும்புக்காரர்கள் நன்றாகவே செய்தார்கள். வாசல் மேசையில் இருக்கும் சர்மிளாவின் அச்சு இயந்திரம் ஒரு நாள் தகராறு செய்தது. போன் எடுத்தாள். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து எங்கெங்கோ போனது. ஐந்து நிமிடத்தில் தாள் வெளியே வந்தது. "மந்திரம் மாதிரி இருக்கு மிஸ்" என்றாள் சர்மிளா. ஜோசப்பினுக்கு அந்தத் தானாக நகரும் அம்புக்குறியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கிளைவிடம் கேட்டாள்.

"நீங்க இப்புடி உள்ள வந்தா, எங்ககிட்ட வர்றவங்களோட ரிப்போர்ட் எல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்தான் மேடம். ஆனா யாரும் பார்க்க மாட்டாங்க."

"தெரியும்னு சொன்னீங்களே, அது போதும்."

இரண்டாவது குறையும் சர்மிளாவே சொன்னாள். போனில் இருக்கும் பையன் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் நல்ல மரியாதையாகத்தான் பேசுகிறான். ஆனால் மூக்கன் என்ற ஒருவரின் ரிப்போர்ட்டைத் தேடச் சொன்னால் எழுத்தெழுத்தாக மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மூக்கன் அடையாள அட்டையில் ஒரு மாதிரி, கிளினிக் கொப்பியில் ஒரு மாதிரி, லேபில் ஒரு மாதிரி இங்கிலீஷ் எழுத்தில் இருப்பார். பிறப்பைப் பதிந்தவர் எழுதியது ஒன்று, தோட்ட ஆபீசில் எழுதியது இன்னொன்று. பிரதாப்பிடம் கேட்டால், "எந்தத் தோட்டத்து மூக்கன்?" என்று ஒரே கேள்வியில் எடுத்துக் கொடுத்துவிடுவான்.

அதற்காகப் பிரதாப்பை அவள் நம்பிவிட்டாள் என்றில்லை. அவன் கொட்டகலையிலிருந்து வருகிறவன். லேபில் ஆறு வருடம். பாஸ்வேர்ட் எல்லாம் அவன் தலைக்குள்தான். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கேட்டால், "நான்தான் இருக்கேனே மிஸ்" என்பான். கொழும்புக் கம்பனிப் பேச்சு வந்த நாளிலிருந்து, ஜோசப்பின் அவன் அறைக்குள் நுழைந்தால் திரையை லேசாகத் திருப்பினான். மேசை லாச்சியை எப்போதும் பூட்டியே வைத்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் போகும்போது பையில் தன் சொந்த லேப்டாப்பைக் கொண்டு போனான். மற்ற நாட்களில் அதைக் கொண்டு வருவதே இல்லை. கொம்பியூட்டர்கள் நின்ற மூன்று நாட்களையும் அவள் கொப்பியில் குறித்திருந்தாள். மூன்று நாளும் அவன்தான் வந்து சரிசெய்தான். நிறுத்துகிறவனே சரிசெய்கிறவனாகவும் இருந்தால்?

இதை ஜெரோமியிடம் சொன்னாள்.

"ஒருத்தன் இருக்கணும்னு நிறுத்துறான், இன்னொருத்தன் வரணும்னு சிரிக்கிறான். ரெண்டு பேரையும் சந்தேகப்பட்டா யாரத்தான் வச்சுக்கிறது?" என்றார் அவர்.

"சந்தேகப்படாம ஒருத்தர வச்சுக்கிட்டாத்தான் எனக்குப் பயம்."

மூன்றாவது வாரம் புதன்கிழமை காலை. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வீரய்யா என்பவர் முதல் நாள் கொடுத்த இரத்தத்தின் ரிப்போர்ட் வாங்க வந்திருந்தார். அறுபதைத் தாண்டிய மெலிந்த மனிதர். பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். சர்மிளா புதிய ரிப்போர்ட்டை அச்சடித்து நீட்டப் போனாள். பின்னால் நின்ற ஜோசப்பின் வழக்கம்போல எட்டிப் பார்த்தாள். சீனி முந்நூற்றுப் பத்து.

"ஐயா, அந்தப் பையைக் கொஞ்சம் தாங்க."

பழைய தாள்களைப் புரட்டினாள். தொண்ணூற்றாறு. நூற்றொன்று. தொண்ணூற்று நான்கு. ஐந்து வருடமாக ஒரே மாதிரி.

"ஐயா, உங்க தோட்டத்துல நீங்க எந்த டிவிசன்?"

"மேல் டிவிசனுங்க."

"உங்க தோட்டத்துல வேற வீரய்யா இருக்காங்களா?"

"கீழ் டிவிசன்ல ஒருத்தர் இருக்காருங்க. அவருக்குத்தான் சீனி. நேத்து நாங்க ரெண்டு பேரும் ஒரே பஸ்லதான் வந்தோம். அவரு சாயங்காலமே ரிப்போர்ட் வாங்கிட்டுப் போயிட்டாரு. நான் தெரிஞ்சவங்க வீட்ல தங்கிட்டேன்."

கொம்பியூட்டரில் பார்த்தார்கள். ஒரே ஒரு வீரய்யாதான் இருந்தார். இரண்டு பேருடைய பரிசோதனைகளும் ஒரே இலக்கத்தின் கீழ் ஒன்றாகக் கிடந்தன. நேற்று மாலை கீழ் டிவிசன் வீரய்யாவின் கைக்குப் போனது இவருடைய நல்ல ரிப்போர்ட்.

ஜோசப்பின் கொழும்புக்கு, கிளைவுக்குப் போன் எடுத்தாள். அவன் மழுப்புவான், வேறு யார் மேலாவது போடுவான் என்று எதிர்பார்த்துப் பேனையைத் தயாராக வைத்துக்கொண்டுதான் கேட்டாள். கிளைவ் தன் கொம்பியூட்டரில் பார்த்துவிட்டு, "எங்க தப்புதான் மேடம்" என்றான். "ஒரே பேர், ஒரே தோட்டம்னு இருந்ததெல்லாம் ரெண்டு தடவை பதிஞ்சதுன்னு நெனச்சு எங்க பொடியன் நேத்துக் காலைல ஒண்ணாச் சேர்த்துட்டான். இருநூத்திப் பன்னிரண்டு பேர்."

"யாரக் கேட்டுச் செஞ்சீங்க?"

"போன வியாழக்கிழமை பிரதாப்புக்கு மெயில் போட்டோம். மறுப்பு இருந்தாச் சொல்லுங்க, இல்லாட்டிச் செவ்வாய்க்கிழமை செய்வோம்னு. பதில் வரல. அதை ஒத்துக்கிட்டதா எடுத்திருக்கக் கூடாது."

அன்று யாருக்கும் ரிப்போர்ட் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, முதல் நாள் கொடுத்தவற்றை எல்லாம் வாசல் மேசையில் எழுதிய துண்டுச் சீட்டுகளோடு ஒப்பிடச் சொன்னாள். நல்ல வேளை, மாறிப் போனது அந்த ஒன்றுதான். சர்மிளாவைக் கூட்டிக்கொண்டு, மேல் டிவிசன் வீரய்யாவையும் ஏற்றிக்கொண்டு, ஆட்டோ பிடித்துத் தோட்டத்துக்குப் போனாள்.

கீழ் டிவிசன் வீரய்யா லயத்து வாசலில் வாங்குப் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி. இவர்களைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்க மிஸ், வாங்க. எனக்குச் சீனி எல்லாம் போயிருச்சு மிஸ்! ஏழு வருசத்துக்கப்புறம் இன்னைக்குத்தான் இனிப்பாத் தேத்தண்ணி குடிக்கிறேன். மாத்திரையையும் காலைல விட்டுட்டேன்."

அவர் மனைவி உள்ளேயிருந்து அவர்களுக்கும் மூன்று கோப்பை கொண்டு வந்தாள். ஜோசப்பின் இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கெட்ட செய்தி சொல்லியிருக்கிறாள். அந்த மனிதரின் கையிலிருந்து கோப்பையை வாங்கிக் கீழே வைத்தது போலக் கஷ்டமானது வேறொன்றும் இல்லை.

"ஐயா, அந்த ரிப்போர்ட் உங்களோடது இல்லிங்க. பேர் மாறிப் போச்சு. தப்பு எங்களோடது. மாத்திரையை இப்பவே போடுங்க. நாளைக்குக் கிளினிக்குப் போகணும். நானே கூட வர்றேன்."

அவர் மறுபடி உட்கார்ந்தார். பிறகு மேல் டிவிசன் வீரய்யாவைப் பார்த்து, "அப்ப ஒனக்குத்தான்யா நல்லாருக்கு" என்றார். மற்றவர் தலையைக் குனிந்துகொண்டார்.

லேபுக்குத் திரும்பியபோது ஜோசப்பினின் மனதில் ஒரே கேள்விதான் இருந்தது. மெயிலைப் பார்த்துவிட்டுப் பிரதாப் வேண்டுமென்றே பேசாமல் இருந்தானா? அவன் அறைக்குப் போனாள். தேத்தண்ணி குடிக்கக் கீழே போயிருந்தான். அவள் போய் அலுமாரியிலிருந்த மாற்றுச் சாவிக்கொத்தை எடுத்து வந்து, அவன் லாச்சியைத் திறந்தாள்.

உள்ளே இரண்டு பொருட்கள்தான் இருந்தன. ஒன்று, பழைய பத்திரிகையில் சுற்றிய ஒரு கறுப்புப் பெட்டி. லேபின் பதிவுகளைத் தினமும் பிரதி எடுத்து வைக்கும் டிஸ்க் அது. பழுது என்று தாள் ஒட்டி, அதற்கு முந்தைய வருட நவம்பர் மாதத் திகதி போட்டிருந்தது. மற்றது தடித்த கொப்பி. திறந்தாள். பக்கம் பக்கமாகப் பெயர்கள். வீரய்யா, மேல் டிவிசன், மனைவி பெயர் இன்னது. வீரய்யா, கீழ் டிவிசன், சீனி, இடது கையில் ஒரு விரல் இல்லை. ஏழு மூக்கன்கள், பதினொரு முத்துலிங்கங்கள், ஒவ்வொருவரையும் மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்ட ஒரு குறிப்பு. ஆறு வருடத்துக் கையெழுத்து.

"என்னா மிஸ் செய்றீங்க?"

பிரதாப் வாசலில் நின்றான். ஜோசப்பின் லாச்சியை மூடவில்லை. மூடினால் திருடி போலிருக்கும் என்று தோன்றியது.

"கொழும்புக்காரங்க போட்ட மெயிலப் பார்த்தியா பிரதாப்?"

அவன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"பார்த்தேன்."

"பார்த்துட்டுச் சும்மாவா இருந்த?"

"கோவம் மிஸ். ஆறு வருசம் வேலை செஞ்சிருக்கேன். என்னை ஒரு வார்த்தை கேக்காம ஆளக் கூட்டிட்டு வந்துட்டீங்க. செய்யட்டும், செஞ்சு பட்டுக்கட்டும்னு விட்டுட்டேன். ஒருத்தர் கைக்குத் தப்பு ரிப்போர்ட் போற அளவுக்கு ஆகும்னு நெனைக்கலை. சத்தியமா நெனைக்கலை."

"அந்த மனுசன் மாத்திரைய நிறுத்திட்டாரு."

பிரதாப் சுவரில் சாய்ந்தான். அவள் கறுப்புப் பெட்டியைத் தொட்டுக் காட்டினாள்.

"இது?"

"செத்துப் போச்சு மிஸ். அப்பவே சேர்கிட்டச் சொன்னேன். பிறகு பாப்பம்னாரு. ரெண்டாவது தடவை சொல்லப் பயமா இருந்துச்சு, இத்தனை நாள் எப்புடி ஓட்டுனேன்னு கேப்பாங்களேன்னு."

"அப்ப நம்மகிட்டப் பிரதி எதுவுமே இல்லியா?"

"இருக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை என் லேப்டாப்புல எடுத்துக்கிட்டுப் போவேன். போன சனிக்கிழமை வரைக்கும் வீட்ல இருக்கு."

ஜோசப்பின் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். டிஸ்க் செத்தது தெரியக் கூடாதென்று அவன் திரையைத் திருப்பியதும், சனிக்கிழமைப் பையும் அவளுக்கு விளங்கின. ஆயிரக்கணக்கான பேருடைய இரத்தக் கணக்கு, யாருக்குச் சீனி, யாருக்குப் பிள்ளை தங்கவில்லை, எல்லாம் கொட்டகலையில் ஒரு வீட்டு மேசையில். அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரைத் திரும்பப் பிரிப்பதற்கு இருந்த ஒரே வழியும் அதுதான்.

"நல்லதுக்குத்தான் மிஸ் செஞ்சேன்."

"நல்லதுக்குச் செய்றவங்க ஏன் மறைக்கணும்?"

"நீங்க கேட்டிருந்தா நானே லாச்சியத் தொறந்து காட்டியிருப்பேன்."

"காட்டியிருப்பியா?"

அவன் கறுப்புப் பெட்டியைத் திரும்பப் பத்திரிகையில் சுற்றினான். "போய் அந்த லேப்டாப்ப எடுத்துட்டு வா. ஆட்டோவுலயே போ" என்றாள்.

புதன் மாலையிலிருந்து வெள்ளி வரைக்கும் பிரதாப் அந்த அறையை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லலாம். கிளைவும் கொழும்பிலிருந்து கார் எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். சனிக்கிழமைப் பிரதியை ஏற்றினார்கள். அதற்குப் பிறகு பதிந்தவற்றைச் சர்மிளா துண்டுச் சீட்டுகளைப் பார்த்துத் திரும்ப அடித்தாள். ஒவ்வொரு பெயரையும் கொப்பியோடு ஒப்பிட்டு ஜோசப்பின் சரி போட்டாள். முதலில் இரண்டு ஆண்களும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் கிளைவ் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத நான் முதல் நாளே கேட்டிருக்கணும்" என்றான். "கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்" என்றான் பிரதாப். அதற்குப் பிறகு கொஞ்சம் பேசிக்கொண்டார்கள்.

இடையில், வியாழக்கிழமை காலை, சொன்னபடியே கீழ் டிவிசன் வீரய்யாவைக் கிளினிக்குக் கூட்டிப் போனாள். ஒரு வேளை மாத்திரை விட்டதால் பெரிய கெடுதல் இல்லை என்றார் டொக்டர். ஆனால் சீனி முந்நூற்றைத் தாண்டியிருந்ததால் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் பிரதாப் தன் லேப்டாப்பிலிருந்த பிரதியை ஜோசப்பினின் கண் முன்னாலேயே அழித்தான்.

திங்கட்கிழமை அவள் துரைராசாவின் முன்னால் உட்கார்ந்தாள்.

"சேர், ரெண்டு பேர்லயும் தப்பு இருக்கு. பிரதாப் மெயிலப் பார்த்துட்டுப் பேசாம இருந்துட்டான். டிஸ்க் செத்ததையும் மறைச்சிட்டான். அவங்க கேக்காமத் தொட்டுட்டாங்க. உங்கள்லயும் தப்பு இருக்கு. அந்த டிஸ்க்கப் பத்தி அவன் சொன்னப்ப நீங்க காதுல வாங்கலை."

துரைராசா கண்ணாடியைக் கழற்றினார். "ஓம். சொன்னவன்தான். நான் மறந்துபோனன்."

"என் தப்பும் இருக்கு. கொழும்புக்காரங்க உள்ள வாறாங்கன்னதும் எதத் தொடலாம், எதத் தொடக் கூடாதுன்னு நான் எழுதி வாங்கலை. ஞாயித்துக்கிழமையப் பத்தி மட்டும்தான் சண்டை பிடிச்சேன்."

"சரி. இப்ப என்ன செய்வம்?"

"மெசினப் பார்க்கிறத, தினமும் பிரதி எடுக்கிறத, அத ரெண்டு இடத்துல பூட்டி வைக்கிறத அவங்களுக்குக் குடுப்போம். அத ஒரு ஆள் தனியாச் செய்ய முடியாது. செய்ய விட்டா இப்புடித்தான் ஒளிச்சு வைக்க வேண்டி வரும். ஆனா ஆளுங்களோட பேரத் தொடுற வேலை இங்கதான் இருக்கணும். ஒரு எழுத்து மாத்துறதுன்னாலும் இங்க ஒரு ஆள் கையெழுத்துப் போடணும். பதில் வரலைன்னா ஒத்துக்கிட்டதா அர்த்தமில்லைன்னு ஒப்பந்தத்துல இருக்கணும். பாஸ்வேர்ட் எல்லாம் எழுதி, உறை ஒட்டி உங்க அலுமாரியில. அப்புறம், நம்மகிட்ட வர்றவங்களோட ரிப்போர்ட்ட யார் எப்பத் தொறந்து பார்த்தாங்கன்னு மாசம் ஒரு தடவை எனக்கு வரணும். கொழும்புக்காரங்க பார்த்ததும், நம்ம ஆளுங்க பார்த்ததும்."

"பிரதாப்?"

"இருக்கட்டும் சேர். அவன் செஞ்சத அவன் மூஞ்சியப் பார்த்துக் கேக்க முடிஞ்சிச்சு. பக்கத்துல இருக்கிறதால."

துரைராசா கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "மருமோன் இதைக் கேட்டுச் சந்தோசப்பட மாட்டார்" என்றார். பிறகு, "எழுதிக்கொண்டு வாரும், கையெழுத்து வைக்கிறன்" என்றார்.

கிளைவின் கம்பனி எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டது. கடைசி நிபந்தனைக்கு மட்டும் இரண்டு வாரம் இழுத்தது. கொம்பியூட்டர்கள் அடிக்கடி நின்றுபோனதன் காரணத்தையும் அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். மின்சாரம் குறைந்தால் சேர்வரைத் தாங்கும் பற்றரி பழையது. கீழ் மாடி பேக்கரியில் அந்த மாதம் புதிதாக வாங்கிய மாப்பிசையும் இயந்திரத்தைப் போட்டால் மின்சாரம் இறங்கி, சேர்வர் நின்றுவிடும். பிரதாப் நிறுத்தவில்லை. கொப்பியில் தான் எழுதியிருந்த அந்தச் சந்தேகத்தை ஜோசப்பின் வெட்டினாள். அதைப் பற்றி அவனிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்றாவது மாதம் பிரதாப் விலகினான். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்திருந்தது. பெயர்க் கொப்பியில் இருந்ததை எல்லாம் சர்மிளாவுக்கு ஒரு மாதம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்து, கொப்பியையும் அவளிடமே விட்டுவிட்டுப் போனான். போகும் முன் ஜோசப்பின் அவனை வேலையில் நிற்கச் சொல்லிக் கேட்டாள்.

"கோவம் இல்லிங்க மிஸ். ஆனா இப்ப லாச்சியத் தொறக்கிறப்ப எல்லாம், நீங்க முன்னாடியே பார்த்திருப்பீங்கன்னு தோணுது. அப்புடி வேலை செய்ய முடியலை."

இந்த வருடம் பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அவனை ஹட்டன் பஸ் நிலையத்தில் கண்டாள். மனைவியோடும் கைக்குழந்தையோடும் பஸ்ஸுக்கு நின்றான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். ஹோட்டலில் ஐந்து பேர் சேர்ந்து வேலை பார்ப்பதாகவும், சனிக்கிழமைகளில் எதையும் சுமக்க வேண்டியதில்லை என்றும் சொல்லிச் சிரித்தான். குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"பிரதாப், அன்னைக்கு அழிச்சியே. அது ஒரு பிரதிதானா? வேற எங்கயும் இல்லியே?"

அவன் மனைவி திரும்பிப் பார்த்தாள். பிரதாப் முகம் மாறவில்லை.

"இல்லிங்க மிஸ். ஆனா இல்லாததை நான் எப்புடிக் காட்டுறது?"

நுவரெலியா பஸ் வந்தது. அவன் குழந்தையை மனைவியிடம் கொடுத்து முதலில் ஏற்றிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு தானும் ஏறினான். ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் கையை அசைத்தான். ஜோசப்பினும் அசைத்தாள். பஸ் வளைவில் திரும்பியதும் மேலே ஏறிப் போனாள். படிக்கட்டு முழுவதும் ஆட்கள் நின்றார்கள். சர்மிளா மேசையிலிருந்து எட்டி, "எந்தத் தோட்டத்து முத்துலிங்கம் ஐயா நீங்க?" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.